எல்லாச் செல்லுக்கும் பொதுவான பழுது, சில உறுப்புகளில் மட்டும் நோய்: ரைபோசோம் கட்டுமானம் எழுப்பும் கேள்வி

1938இல் பாஸ்டன் நகரத்துக் குழந்தை மருத்துவர்களான லூயிஸ் டைமண்டும் கென்னத் பிளாக்ஃபனும், பிறந்த சில மாதங்களிலேயே கடும் இரத்தசோகைக்கு ஆளாகும் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஹியூ ஜோசப்ஸ் என்ற மருத்துவர் 1936இலேயே இத்தகைய குழந்தைகளைக் குறிப்பிட்டிருந்தார். அவர்களது எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் உருவாகிக்கொண்டிருந்தன. சிவப்பணுக்களைப் பெற்றெடுக்கும் முன்னோடிச் செல்கள் மட்டும் ஏறக்குறையக் காணவில்லை. டைமண்ட்-பிளாக்ஃபன் இரத்தசோகை என்ற பெயர் நிலைத்தது. காரணமோ அறுபது ஆண்டுகளுக்குப் பிடிபடவில்லை.

ஸ்வீடனின் உப்சலா ஆய்வாளர்கள் முன்னின்ற ஆய்வில் 1999இல் அது பிடிபட்டபோது, விடையே பெரிய கேள்வியாகிவிட்டது. நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஆர்பிஎஸ்19 என்ற மரபணுவின் இரு நகல்களில் ஒன்று பழுதாகியிருந்தது. அது இரத்தத்துக்கென்று அமைந்த மரபணு அன்று. புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஒரு பாகம் அதிலிருந்து பிறக்கிறது. மூளை, ஈரல், தோல், குடல் என்று ரைபோசோம் இன்றி எந்தத் திசுவும் வளர முடியாது. பிறகு இதே நோயில் இருபதுக்கும் மேற்பட்ட ரைபோசோம் புரத மரபணுக்களில் பழுதுகள் கண்டறியப்பட்டன. ஆகவே 1999இன் கண்டுபிடிப்பைத் தற்செயல் என்று ஒதுக்க வழியில்லை.

எல்லாச் செல்களும் நம்பியிருக்கும் ஒன்று குறைபடும்போது, ஏன் சில செல்கள் மட்டும் விழுகின்றன? கால் நூற்றாண்டாக இதற்கு மூன்று முதன்மையான விடைகள் முன்வைக்கப்பட்டுவருகின்றன. அவற்றை எடைபோடுமுன், ரைபோசோம் கட்டப்படும் விதத்தைப் பார்த்துவிட வேண்டும். விடைகளின் வலுவும் ஓட்டைகளும் அங்கேதான் இருக்கின்றன.

கட்டுமானத்தின் பாதை

மனித ரைபோசோம் இரண்டு துணை அலகுகளால் ஆனது. சிறிய அலகில் 33 புரதங்களும் ஓர் ஆர்.என்.ஏ. இழையும் உள்ளன, பெரிய அலகில் 47 புரதங்களும் மூன்று ஆர்.என்.ஏ. இழைகளும் உள்ளன. இந்த நான்கு இழைகளில் மூன்று, உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸில் ஒரே நீண்ட முன்னோடி இழையாக எழுதப்படுகின்றன. அந்த முன்னோடிக்கான மரபணு ஒன்றிரண்டு நகல்களோடு நிற்பதில்லை. 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம் இணைகளில் நூற்றுக்கணக்கான நகல்களாக அடுக்கப்பட்டிருக்கிறது. நான்காவதான 5எஸ் இழை, 1ஆம் குரோமோசோமில் வேறொரு நொதியால் தனியாக எழுதப்படுகிறது. இந்த 5எஸ் இழையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்னோடி இழை அப்படியே பயன்படாது. சுமார் 13,000 எழுத்துகள் கொண்ட அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி வெட்டி எறியப்படுகிறது. சிறிய ஆர்.என்.ஏ.க்கள் வழிகாட்ட, குறிப்பிட்ட எழுத்துகளில் வேதிமாற்றங்கள் செய்யப்படுகின்றன. இதற்கிடையே ரைபோசோம் புரதங்கள் உட்கருவுக்கு வெளியே பழைய ரைபோசோம்களாலேயே தயாரிக்கப்பட்டு, உட்கருத் துளைகள் வழியே நியூக்ளியோலஸுக்குள் வந்து, மடிந்துகொண்டிருக்கும் இழையில் முறைவைத்து ஒட்டுகின்றன. 200க்கும் மேற்பட்ட துணைப்புரதங்கள் இந்த வேலையை நடத்துகின்றன. அவற்றில் ஒன்றுகூட முடிந்த ரைபோசோமில் தங்குவதில்லை.

பாதி கட்டிய அலகுகள் உட்கருவை விட்டு வெளியேறிய பிறகும் சோதனை முடிவதில்லை. ஈஸ்ட்டில் 2012இல் வெளியான ஆய்வுகள், புதிய சிறிய அலகு ஒரு பெரிய அலகோடு இணைந்து ஒத்திகை பார்க்கப்பட்ட பிறகே வேலைக்கு அனுப்பப்படுகிறது என்று காட்டின. பெரிய அலகின் மீது ஐ.எஃப்6 என்ற புரதம் பூட்டுப்போல் ஒட்டியிருக்கும்; எஸ்பிடிஎஸ், ஈஎஃப்எல்1 என்ற இரு புரதங்கள் அலகின் உட்பகுதி சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்த்து அதை விடுவிக்கின்றன. அதுவரை சிறிய அலகோடு சேர அனுமதி இல்லை.

இதற்கு ஆகும் செலவு மிகப் பெரியது. ஜொனதன் வார்னர் 1999இல் தொகுத்த கணக்கின்படி, வேகமாக வளரும் ஈஸ்ட் செல் நிமிடத்துக்குச் சுமார் 2,000 ரைபோசோம்களைக் கட்டுகிறது, அதன் ஆர்.என்.ஏ. எழுத்து வேலையில் ஏறத்தாழ 60 விழுக்காடு ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கே போகிறது. இவ்வளவு செலவு பிடிக்கும் வேலையில் செல்லுக்கு உபரி இருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முடிந்த ரைபோசோமின் அணுநிலை வடிவம் 2000இல் பாக்டீரியாவில் துலங்கியது. அந்தப் பணிக்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவரும் 2009இல் நோபல் பரிசு பெற்றார்கள். கட்டுமானத்தின் நடுநிலைகள் படமாகத் தெரியத் தொடங்கியது அதன் பிறகுதான். நோய்களோ பெரும்பாலும் அந்த நடுநிலைகளில் பிறக்கின்றன.

ஈக்களிலும் தவளைகளிலும் கிடைத்த முன்னறிவிப்பு

இக்கேள்வி 1999இல் தொடங்கியதாக எழுதுவது வழக்கம். அது முழுச் சரியன்று. 1920களிலேயே பழ ஈ மரபியலாளர்கள் ‘மினிட்’ என்று பெயரிட்ட பிறழ்வுகளை அறிந்திருந்தார்கள். ஒரு நகல் பழுதானால் ஈ மெதுவாக வளரும், அதன் முதுகு மயிர்கள் குட்டையாகவும் மெலிந்தும் இருக்கும். இரு நகலும் பழுதானால் ஈ பிழைக்காது. இவற்றில் பெரும்பாலானவை ரைபோசோம் புரத மரபணுக்களின் பழுதுகள் என்று பிற்காலத்தில் உறுதியாயிற்று. ஈயின் மயிர் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு செல் குறுகிய காலத்தில் ஏராளமான புரதம் தயாரித்து வளர்க்கிறது. ஒரு பொதுக் குறைபாடு, குறுகிய காலத்தில் மிகுந்த தேவை உள்ள இடத்தில் முதலில் வெளிப்படும் என்ற கருத்தின் விதை அந்த மயிரில் இருந்தது. மருத்துவ உலகம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

1964இல் டொனால்ட் பிரவுனும் ஜான் கர்டனும் நியூக்ளியோலஸே இல்லாத தவளைக் கருக்கள் புதிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. தயாரிப்பதில்லை என்று நிறுவினார்கள். அக்கருக்கள் உடனே இறக்கவில்லை. முட்டையில் தாய் சேர்த்துவைத்த ரைபோசோம்களைக்கொண்டு தலைப்பிரட்டைப் பருவம் வரை வந்து, பிறகே மடிந்தன. ரைபோசோம் பற்றாக்குறையின் விளைவு, பற்றாக்குறை நேரும் காலத்தைப் பொறுத்தது என்பதும் அப்போதே தெரிந்த செய்திதான்.

முதல் விடை: எச்சரிக்கை மணி

இன்று மிகுதியான சான்றுகளோடு நிற்பது பி53 விடை. பி53 புரதம் செல்லின் பிரிவை நிறுத்தவும், தேவைப்பட்டால் செல்லைச் சாகச் செய்யவும் வல்லது. இயல்பான காலத்தில் எம்டிஎம்2 என்ற புரதம் அதைத் தொடர்ந்து அழித்துக்கொண்டிருக்கும். கட்டுமானம் தடைப்பட்டால், பெரிய அலகில் சேர வேண்டிய 5எஸ் இழையும் அதோடு பிணைந்த ஆர்பிஎல்5, ஆர்பிஎல்11 புரதங்களும் இடமின்றித் தேங்குகின்றன. அந்தக் கூட்டு எம்டிஎம்2வைப் பிடித்து முடக்குகிறது, பி53 பெருகுகிறது. கட்டுமானத்தின் ஒரு பாகமே அதன் தடையை அறிவிக்கும் தூதாகவும் பயன்படுவது, உயிரியலின் மிக அழகான ஏற்பாடுகளில் ஒன்று.

இதன் வலுவான சான்று டிரீச்சர் காலின்ஸ் நோயிலிருந்து வந்தது. முக எலும்புகள் சரியாக அமையாத அந்நோயில், ரைபோசோம் ஆர்.என்.ஏ. எழுதுவதற்கு உதவும் ஒரு மரபணு பழுதாகிறது. 2008இல் சுண்டெலிகளில் பி53ஐத் தடுத்தபோது, ரைபோசோம் உற்பத்தி சீராகாமலேயே முகக் குறைபாடுகள் பெருமளவு தவிர்க்கப்பட்டன. குறைபாட்டைவிட எச்சரிக்கையே கருவைக் கெடுத்தது என்று பொருள்.

அதே ஆண்டில் பெஞ்சமின் எபர்ட் குழுவினர், முதியவர்களுக்கு வரும் 5கியூ குறைவு நோய்க்கு விளக்கம் கண்டார்கள். 1974இல் பெல்ஜியத்தின் ஹெர்மன் வான் டென் பெர்க் விவரித்த அந்நோயில், எலும்பு மஜ்ஜைச் செல்கள் 5ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியை இழந்திருக்கும். இழந்த பகுதியிலிருந்த மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்ததில், ஆர்பிஎஸ்14 என்ற ரைபோசோம் புரத மரபணுவை அடக்கியபோது சிவப்பணு உருவாக்கம் தடைப்பட்டது. பிறவியில் வரும் நோயும் முதுமையில் வரும் நோயும் ஒரே வாசலில் வந்து நின்றன. 5கியூ பகுதியை இழந்த சுண்டெலிகளில் பி53ஐ நீக்கினால் நிலைமை தேறியது என்றும் 2010இல் தெரிந்தது.

விடையின் ஓட்டைகளும் சிறியவை அல்ல. மணியடிப்பவை ஆர்பிஎல்5உம் ஆர்பிஎல்11உம் என்றால், அந்த இரண்டில் ஒன்று பழுதான நோயாளிகளிடம் எச்சரிக்கை மங்கலாகவும் நோய் இலேசாகவும் இருக்க வேண்டும். மாறாக, ஆர்பிஎல்5 பழுதானவர்களில் அண்ணப் பிளவும் ஆர்பிஎல்11 பழுதானவர்களில் கட்டைவிரல் குறைபாடும் மிகுதியாகவே காணப்படுகின்றன. வரிக்குதிரை மீன்களில் செய்த சில ஆய்வுகளில், பி53 இல்லாதபோதும் சிவப்பணுக் குறைபாடு நீடித்தது. இவற்றைவிட அடிப்படையான குறை வேறு. மணி எல்லாச் செல்களிலும் இருக்கிறது. அது சிவப்பணு முன்னோடிகளில் மட்டும் ஏன் இவ்வளவு உரக்க அடிக்கிறது என்பதற்கு இவ்விடையில் தனி விளக்கம் இல்லை. 2018இல் விவரிக்கப்பட்ட இரு நோயாளிகள் இங்கே கவனத்துக்குரியவர்கள். அவர்களுக்கு ரைபோசோம் மரபணுக்களில் அன்றி, பி53 மரபணுவிலேயே அதன் செயலைக் கூட்டும் பிறழ்வு இருந்தது. அவர்களுக்கும் சிவப்பணுக்கள் உருவாகவில்லை. பி53 மிகுதியைச் சிவப்பணுக் குடும்பம் தாங்குவது கடினம் என்பதற்கு இது நேரான சான்று. ஏன் கடினம் என்பது மறுபடியும் கேள்வியாகவே நிற்கிறது.

இரண்டாம் விடை: எண்ணிக்கை

1974இல் ஹார்வி லோடிஷ் ஒரு கணக்கு மாதிரியை முன்வைத்தார். மரபணுவின் செய்தியை ரைபோசோமுக்குக் கொண்டுவருபவை தூது ஆர்.என்.ஏ.க்கள்; அவை எல்லாமே ரைபோசோமை ஒரே எளிமையோடு பிடித்துக்கொள்வதில்லை. பேருந்துகள் பாதியாகக் குறைந்த வழித்தடத்தில் முண்டியடிப்பவர்கள் ஏறிவிடுவார்கள்; தயங்குபவர்கள்தான் நிறுத்தத்தில் மிஞ்சுவார்கள். அதுபோல ரைபோசோம் குறைந்தால், தொடக்கத்தில் பிடிப்புக் குறைந்த தூதுகளே முதலில் பட்டினி கிடக்கும். எந்தச் செல் அத்தகைய தூதுகளை நம்பி வாழ்கிறதோ அது விழும்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இக்கருத்து இரத்தவியலுக்குள் நுழைந்தது. ரைபோசோம் மரபணுக்கள் பழுதாகாத சில டைமண்ட்-பிளாக்ஃபன் நோயாளிகளிடம் காட்டா1 என்ற மரபணு பழுதாகியிருப்பதை, விஜய் சங்கரன் உள்ளிட்ட பாஸ்டன் ஆய்வாளர்கள் 2012இல் கண்டார்கள். சிவப்பணுவாக மாறும்படி செல்லுக்கு ஆணையிடும் தலைமைப் புரதம் காட்டா1. ரைபோசோம் புரதங்கள் குறைந்த செல்களில் காட்டா1 தூது இருந்தும், அதிலிருந்து புரதம் போதுமான அளவு உருவாவதில்லை என்று 2014இல் தெரிந்தது. அதே குழுவினரின் 2018 ஆய்வு, அச்செல்களில் ரைபோசோம்களின் உட்கூறு மாறவில்லை, எண்ணிக்கையே குறைந்திருக்கிறது என்று காட்டியது. அறிவியலில் இரண்டு வெவ்வேறு பழுதுகள் ஒரே புரதத்தின் பற்றாக்குறையில் வந்து சேருவது வலுவான அடையாளம்.

ஆனாலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. எத்தகைய தூது பாதிக்கப்படும் என்பதில் விளக்கம் இன்னும் நிலைகொள்ளவில்லை. காட்டா1 தூதின் தொடக்கம் ரைபோசோமுக்கு எளிதாக வசப்படாதது என்ற திசையில் 2014 ஆய்வு யோசித்தது. 2018 ஆய்வோ, பாதிக்கப்பட்ட தூதுகளின் தொடக்கப் பகுதிகள் குட்டையாகவும் அதிகம் மடியாமலும் இருப்பதைக் கண்டது. லோடிஷின் எளிய கணக்கிலிருந்து எதிர்பார்க்கக்கூடியது இதுவன்று. எண்ணிக்கை விடையின் ஆதரவாளர்கள் இதைச் சிறு திருத்தமாகக் கருதலாம். என் பார்வையில் இது விடையின் மையத்தைத் தொடும் சிக்கல்.

இதே வட்டத்தில் மற்றொரு கருத்தும் உண்டு. ஹீமோகுளோபின் என்பது ஹீம் என்ற இரும்புக் கூறும் குளோபின் புரதமும் சேர்ந்தது. ரைபோசோம் குறைந்தால் குளோபின் தாமதமாகும், ஹீம் தாமதமாகாது. துணையற்ற ஹீம் செல்லுக்கு நஞ்சு. ஜானிஸ் அப்கோவிட்ஸ் குழுவினர் 2016இல் நோயாளிகளின் செல்களிலேயே இதற்கான சான்றைத் தந்தார்கள். சிவப்பணுக் குடும்பத்தை மட்டும் குறிவைக்கும் விளக்கம் என்ற வகையில் இது பி53 விடைக்கு இல்லாத கூர்மை கொண்டது. கட்டைவிரலையும் அண்ணத்தையும் பற்றி இது எதுவும் சொல்லாது.

மூன்றாம் விடை: வேறுபட்ட ரைபோசோம்கள்

மூன்று விடைகளிலும் கற்பனையை மிகக் கவர்ந்தது இது. ரைபோசோம்கள் அனைத்தும் ஒன்றுபோல் இல்லை, திசுவுக்குத் திசு உட்கூறு மாறி, குறிப்பிட்ட தூதுகளைத் தேர்ந்து படிக்கின்றன என்பது இதன் சாரம். 2002இல் வின்சென்ட் மௌரோவும் ஜெரால்ட் எடல்மனும் ரைபோசோமை ஒரு வடிகட்டியாகக் காணலாம் என்றார்கள். 2011இல் மரியா பர்னா குழுவினர் குட்டைவால் சுண்டெலிகளில் ஆர்பிஎல்38 மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டு இதற்கு உயிர் கொடுத்தார்கள். அச்சுண்டெலிகளில் மொத்தப் புரத உற்பத்தி குறையவில்லை. உடல் வரைவைத் தீர்மானிக்கும் ஹாக்ஸ் குடும்பத் தூதுகள் சில மட்டும் சரியாகப் படிக்கப்படவில்லை.

அந்தத் தூதுகளின் தொடக்கத்தில் ரைபோசோமைத் தனியாக ஈர்க்கும் மடிப்புகள் உள்ளன என்று 2015இல் அக்குழுவினர் விளக்கினார்கள். 2022இல் வேறு ஆய்வாளர்கள், ஹாக்ஸ்ஏ9 உள்ளிட்ட தூதுகளின் தொடக்க எல்லையே பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தது, அந்த மடிப்புகள் என்று கருதப்பட்டவை அப்பிழையின் விளைவு என்று வாதிட்டார்கள். எலியில் தெரிந்த வால் குறைபாடு உண்மை. அதன் விளக்கம் ஐயத்துக்குள்ளாகியிருக்கிறது.

வேறுபட்ட ரைபோசோம்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் ஒருவகையும் மனித உடலில் வேறுவகையுமான ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைப் பயன்படுத்துகிறது என்பது 1987 முதல் தெரியும். ஈஸ்ட்டில் உப்பு அழுத்தம் வரும்போது ஒரு புரதம் நீங்கிய ரைபோசோம்கள் தோன்றி, அந்நெருக்கடிக்கேற்ற தூதுகளைப் படிக்கின்றன. ஆனால் நோய்க்கான விளக்கமாக இவ்விடை ஒரு பெரிய தடையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. டைமண்ட்-பிளாக்ஃபன் நோயில் சிறிய அலகின் பாகங்களும் பெரிய அலகின் பாகங்களும் பழுதாகின்றன. ரைபோசோமின் மேற்பரப்பில் அவை எங்கெங்கோ இருக்கின்றன. இருந்தும் ஒரே இரத்தசோகை. பழுதான பாகம் எதுவென்பது முக்கியமானால் இந்த ஒற்றுமை வந்திருக்கக் கூடாது.

இந்த வாதத்துக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. 2013இல் மண்ணீரல் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் சிலரிடம் ஆர்பிஎஸ்ஏ என்ற ரைபோசோம் புரத மரபணு பழுதாகியிருப்பது தெரிந்தது. அவர்களுக்கு இரத்தசோகை இல்லை, வேறு உறுப்புக் குறைபாடும் இல்லை. மண்ணீரல் மட்டும் இல்லை. எண்ணிக்கை விடைக்கும் எச்சரிக்கை விடைக்கும் இது இன்னும் அடங்காத உதாரணம்.

இயற்கையே நடத்திய சோதனை

விடைகளுக்கிடையே தீர்ப்பு சொல்ல உதவும் சான்று, எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கணையமும் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்படும் ஷ்வாக்மன்-டைமண்ட் நோய்க்குக் காரணம் எஸ்பிடிஎஸ் மரபணு என்று 2003இல் தெரிந்தது. பெரிய அலகிலிருந்து ஐ.எஃப்6ஐ விடுவிக்கும் புரதங்களில் ஒன்றாக மேலே பார்த்தது இதுவே. இந்நோயாளிகளின் மஜ்ஜையில் வயது ஏற ஏறப் புதிய பிறழ்வுகள் தோன்றுகின்றன. பிழைக்க உதவுபவை பெருகுகின்றன.

2021இல் வெளியான ஆய்வுகள் இரண்டு வழிகளைக் கண்டன. ஒருவகைச் செல்களில் ஐ.எஃப்6 மரபணுவே பலவீனமாகியிருந்தது. பூட்டு தளர்ந்ததால், திறப்பவர் இல்லாத குறை ஓரளவு தீர்ந்து, ரைபோசோம்கள் உருவாகின. மற்றொரு வகைச் செல்களில் பி53 பழுதாகியிருந்தது. குறை அப்படியே இருக்க, மணி மட்டும் நிறுத்தப்பட்டது. இரண்டாம் வழியில் போன செல்கள்தான் லுக்கேமியாவை நோக்கி நகர்கின்றன.

இதன் பொருள் ஆழமானது. எண்ணிக்கைக் குறைவு செல்லுக்கு உண்மையான சுமை. எச்சரிக்கையும் உண்மையான சுமை. ஒன்று மற்றொன்றின் மாற்றுப்பெயர் அன்று. அத்துடன், மணியை நிறுத்துவது தற்காலிக நிம்மதி தந்தாலும் அதன் விலை கடுமையானது. டிரீச்சர் காலின்ஸ் எலிகளில் அவ்வளவு நம்பிக்கை தந்த பி53 தடுப்பை மனிதர்களுக்குச் சிகிச்சையாக முன்மொழியத் தயங்க வேண்டிய காரணம் இதுவே.

குறைவிலிருந்து மிகைக்கு: புற்றுநோய்ப் புதிர்

வளரப் போதுமான ரைபோசோம் இல்லாத செல்களிலிருந்து கட்டுப்பாடற்ற வளர்ச்சி எப்படிப் பிறக்கிறது? மஜ்ஜை வறட்சிக்கும் லுக்கேமியாவுக்கும் உள்ள உறவைப் புதிர் என்று வில்லியம் டாமஷெக் 1967இல் எழுதினார். வட அமெரிக்க நோயாளிகளின் பதிவேட்டை ஆராய்ந்த 2012 ஆய்வில், டைமண்ட்-பிளாக்ஃபன் நோயாளிகளுக்குப் புற்றுநோய் வாய்ப்பு பொது மக்களைவிட 5.4 மடங்கு என்று கணக்கிடப்பட்டது. வரிக்குதிரை மீன்களில் ரைபோசோம் புரத மரபணுக்கள் பல, ஒரு நகல் பழுதானால் கட்டிகளை உண்டாக்குகின்றன என்று 2004இலேயே தெரிந்திருந்தது. குறையைத் தாண்டிப் பிழைக்கும் செல்களை மஜ்ஜை தொடர்ந்து தேர்ந்தெடுப்பதே காரணம் என்ற விளக்கம், ஷ்வாக்மன்-டைமண்ட் சான்றுக்குப் பிறகு மிகவும் நம்பத்தகுந்ததாகியிருக்கிறது.

மறுபுறம், சாதாரணப் புற்றுநோய்ச் செல்கள் ரைபோசோம் கட்டுமானத்தை மிகையாக முடுக்குகின்றன. அவற்றின் நியூக்ளியோலஸ் பெருத்திருப்பதை 1896இலேயே இத்தாலியின் ஜூசெப்பே பியானீஸ் கண்டார். அந்த மிகையை அடக்கும் மருந்துகள் தேடப்படுகின்றன. இங்கே நிதானம் தேவை. ரைபோசோம் ஆர்.என்.ஏ. எழுத்தைத் தடுப்பதாகச் சோதிக்கப்பட்ட சிஎக்ஸ்-5461 என்ற மருந்து, பெரும்பாலும் டி.என்.ஏ. முறுக்கவிழ்க்கும் நொதியைத் தாக்கியே செல்களைக் கொல்கிறது என்று பின்னர் தெரிந்தது. பழைய மருந்தான ஆக்ஸாலிபிளாட்டினோ, டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துவதைவிட ரைபோசோம் கட்டுமானத்தைக் குலைத்தே அதிகம் கொல்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வாதிட்டது.

எஞ்சி நிற்பவை

இன்றைய சான்றுகளை வைத்துப் பார்த்தால், எண்ணிக்கைக் குறைவை முதல் நிகழ்வாகவும் பி53 எச்சரிக்கையை அதன் பெருக்கியாகவும் கொள்வது நியாயமாகத் தோன்றுகிறது. எந்தத் திசு, எந்த நாளில், கட்டும் வேகத்தைவிட அதிகமாக ரைபோசோம் கேட்கிறது என்பதே நோயின் இடத்தைத் தீர்மானிக்கக்கூடும். பழ ஈயின் மயிரும், முகமாக மாறப்போகும் கருச்செல்களும், சிவப்பணு முன்னோடிகளும் அந்த வகையில் உறவினர்கள். வேறுபட்ட ரைபோசோம் என்ற விடையை நோய்களைப் பொறுத்தவரை இன்னும் நிறுவப்படாத கருத்தாகவே வைத்துக்கொள்ள வேண்டும். மண்ணீரல் உதாரணம் இருக்கும்வரை அதை மூடிவைக்கவும் முடியாது.

திசுக்களின் ரைபோசோம் தேவையை நாளுக்கு நாள் அளந்த மனித அளவீடுகள் போதிய அளவில் இல்லாததால், இந்த மதிப்பீடும் எலிகள், மீன்கள், வளர்ப்புச் செல்கள் ஆகியவற்றின் மேல் பெரிதும் சாய்ந்து நிற்கிறது. சிகிச்சையிலும் இடைவெளி தெரிகிறது. டைமண்ட்-பிளாக்ஃபன் குழந்தைகளுக்கு 1950கள் முதல் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டுவருகிறது. பலருக்குப் பலன் தருகிறது. மேற்கண்ட மூன்று விடைகளில் எதுவும் அது ஏன் பலன் தருகிறது என்பதை இன்னும் ஏற்கத்தக்கவாறு விளக்கவில்லை.

மிகக் கடினமான உண்மை ஒன்று உண்டு. ஒரே குடும்பத்தில் ஒரே பிறழ்வைச் சுமக்கும் தந்தைக்கு நோயே இல்லாமலும் குழந்தைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிய நிலையும் இருக்கலாம். நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 25 வயதுக்குள் சிகிச்சையின்றியே போதிய சிவப்பணு அளவை எட்டிவிடுகிறார். அவர்களில் சிலருக்கு நோய் பிறகு திரும்புகிறது. மரபணு மாறாதபோது எது மாறியது? அவர்களது மஜ்ஜையிலும் ஐ.எஃப்6 போன்ற ஓர் ஈடுசெய்யும் பிறழ்வு தோன்றியதா, வளர்ச்சி முடிந்ததால் தேவை குறைந்ததா, எச்சரிக்கையின் உணர்திறன் தளர்ந்ததா என்பதைப் பிரித்தறிய, அதே நபரின் மஜ்ஜைச் செல்களை நோய் இருந்தபோதும் நீங்கிய பிறகும் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு விடையும் அந்த ஒப்பீட்டில் வெவ்வேறு முடிவை எதிர்பார்க்கிறது.